பயிலரங்குக்குப் போக நேரம் எங்கே?

டெல்லி கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் மத்திய அரசின் இரண்டு பெரிய மருத்துவக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. ஒன்று, 1916-இல் பெண்களின் மருத்துவப் படிப்புக்கென்று தொடங்கப்பட்ட லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி. மற்றொன்று, ராம் மனோகர் லோகியா மருத்துவமனையோடு இணைந்த அடல் பிகாரி வாஜ்பாய் மருத்துவ அறிவியல் நிறுவனம். அகில இந்திய ஒதுக்கீட்டில் எம்.டி., எம்.எஸ். இடம் கிடைத்துத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இங்கே வரலாம். இவை போன்ற எந்தக் கல்லூரியிலும் முதுநிலை மருத்துவ மாணவருக்கு இரட்டை நிலை. கட்டணம் கட்டித் தேர்வும் ஆய்வேடும் எழுதுவதால் அவர் மாணவர். இரவு முழுவதும் வார்டைத் தாங்குவதால் ஊழியர். ஓய்வு கேட்டால் ‘நீ டாக்டர்’ என்பதும், பணி நேரம் பற்றிக் கேட்டால் ‘நீ மாணவன்’ என்பதும் சுலபமாகிவிடுகிறது. கல்லூரிகள் நடத்தும் மன அழுத்தப் பயிலரங்குகளும் ஆலோசனை மையங்களும் பயன் தர வேண்டுமானால், மாணவர் என்பதற்கும் ஊழியர் என்பதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியை முதலில் அடைத்தாக வேண்டும். போய்ச் சேர நேரமில்லாத உதவியை உதவி என்று கணக்கில் எழுதக் கூடாது என்பதே என் வாதம்.

நிலைமை எவ்வளவு கடுமையானது என்பதை தேசிய மருத்துவ ஆணையமே பதிவு செய்திருக்கிறது. மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆய்வில் பங்கேற்ற 5,337 முதுநிலை மாணவர்களில் 31.2 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். இளநிலை மாணவர்களில் அது 16.2 சதவீதம். தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆணையம் தந்த பதிலின்படி, ஐந்தாண்டுகளில் மருத்துவப் படிப்பை விட்டு விலகிய 1,270 பேரில் 1,117 பேர் முதுநிலை மாணவர்கள். கடுமையான நுழைவுத் தேர்வைத் தாண்டி வந்தவர்கள் இவர்கள். இத்தனை பேர் மனம் தளர்ந்ததற்குத் தனிமனிதப் பலவீனத்தைக் காரணம் காட்ட முடியாது. பணி ஒழுங்கில்தான் காரணத்தைத் தேட வேண்டும். அந்தப் பணிக்குழுவும் அப்படித்தான் பார்த்தது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஒரு நாள் விடுமுறை வேண்டும், தினமும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் முக்கியமானவை.

பரிந்துரை ஒருபுறம் இருக்கட்டும், விதியே இருக்கிறது. மத்திய அரசின் 1992-ஆம் ஆண்டு ரெசிடென்சி திட்டம், தொடர்ச்சியான பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும், முதுநிலை மாணவர்கள் வகிக்கும் ஜூனியர் ரெசிடென்ட் பணிக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் என்றும் வரையறுத்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகள் ‘நியாயமான பணி நேரம்’, வாரம் ஒரு விடுமுறை, ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு ஆகியவற்றைத் தருகின்றன. 12 மணி நேரம் என்று திட்டமாகச் சொன்ன அரசு, முப்பது ஆண்டு கழித்து ‘நியாயமான’ என்ற நெகிழ்ச்சியான சொல்லுக்கு இறங்கியது பின்னடைவு என்றே நினைக்கிறேன். அதே விதிமுறைகள் ஆராய்ச்சி முறையியல், மருத்துவ அறம், அடிப்படை உயிர்காப்பு ஆகிய பயிற்சிகளையும் கட்டாயமாக்குகின்றன. அவற்றுக்கு ரோஸ்டரில் இடம் ஒதுக்காவிட்டால், 36 மணி நேர டூட்டி முடித்து வந்தவர் தூக்கத்தைத் தியாகம் செய்துதான் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும்.

நோயாளி காத்திருக்க மாட்டார், கஷ்டப்படாமல் மருத்துவம் கைவராது என்ற ஆட்சேபம் பொய்யானதல்ல. கூட்டம் அலைமோதும் அரசு மருத்துவமனையில் யாரோ ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஆனால் அந்த ஒருவர் தூக்கம் கெட்டு மருந்தளவை மாற்றி எழுதினால் பாதிப்பு நோயாளிக்குத்தான். 1984-இல் நியூயார்க்கில் லிபி ஜியோன் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்ததை ஒட்டிப் பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணி நேரம் பற்றி எழுந்த கேள்விகளால், அந்த மாநிலம் 1989-இல் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேர வரம்பு விதித்தது. 2003-இல் அமெரிக்கா முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. ஷிப்ட் நீளத்தைத் தளர்த்தினாலும் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை என்று 2016-இல் அங்கே வெளியான ஒரு பெரிய ஆய்வை எதிர்த்தரப்பினர் காட்டுவார்கள். அந்த ஆய்விலும் 80 மணி நேர உச்சவரம்பு அப்படியே இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறைக்குத் தீர்வு பணியிடங்களைக் கூட்டுவதே. அந்தச் சுமையை மாணவரின் உடம்பில் ஏற்றுவது தீர்வாகாது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் கனமானது. ஆய்வேட்டில் கையெழுத்திடுபவரே டூட்டியும் போடுகிறார், அவர்மேல் எப்படிப் புகார் கொடுப்பது? அச்சம் நியாயமானது, அதனால்தான் துறைக்கு வெளியே சில வழிகளைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவருக்கு 30 நாள் கெடு. தன் கல்வி வேலையைச் சீனியர் இன்னொரு மாணவரின் தலையில் கட்டுவது மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ராகிங்தான். ராகிங் பற்றி 1800-180-5522 எண்ணில் எந்நேரமும் புகார் சொல்லலாம். பாலியல் தொல்லை என்றால் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கல்லூரியின் உள்ளகக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். எந்தப் புகாராக இருந்தாலும் ரோஸ்டரின் நகல், விடுப்பு விண்ணப்பம், மறுப்பு வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். பணி நேரம் பற்றிய புகாரை முடிந்தவரை பலராகச் சேர்ந்து கொடுங்கள். பத்துப் பேர் கையெழுத்திட்ட மனுவில் பழிவாங்க ஒருவரை மட்டும் பொறுக்கியெடுப்பது கடினம்.

மனநல ஆலோசகரிடம் போனால் செய்தி துறைத்தலைவர் காதுக்குப் போய்விடுமோ என்று பலர் தயங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பை உரிமையாகவே தருகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 115-ஆம் பிரிவு. அவரைப் பராமரிப்பது அரசின் கடமை. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. உங்கள் கல்லூரியில் அவர் யார், எந்த நேரத்தில் இருப்பார், இரவு டூட்டிக்காரர் அவரை எப்போது சந்திப்பது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். பெற்றோரும் கேட்கலாம். மனம் கனத்துப் போன இரவில் எந்தக் குழுவின் பதிலுக்காகவும் காத்திருக்க வேண்டாம்: மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.