தெளிந்த நீரும் தூய நீரும்

மழைக்காலத்திற்குச் சற்று முன்னர் ஒரு சங்கத்தின் இருப்பைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். நூல் வெளுப்பதற்கும், வெள்ளக் காலத்தில் கிணற்றிலிடுவதற்கும் என வாங்கிய பிளீச்சிங் பவுடர் ஒரு மூட்டை இருப்புப் புத்தகத்தில் கண்டிருந்தது. மூட்டையும் இருந்தது, எடையும் சரியாக இருந்தது. ஆனால் வாயைப் பிரித்து முகர்ந்தபொழுது அதற்குரிய கார நெடி சிறிதும் இல்லை. ஈரக்காற்றுப் பட்டு அதன் வீரியம் போய்விட்டது. கணக்கில் குறை எழுத இடமில்லை. எனினும், வெள்ளம் வந்து, அந்தத் தூளை நம்பி ஊரார் கிணற்று நீரைக் குடித்திருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்னும் கவலை நம்மை விட்டு அகலவில்லை. அக்கவலையே இக்கட்டுரைக்குக் காரணம்.

2018 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன், நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரம் நின்றதால் மோட்டார் ஓடவில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏறவில்லை. சுற்றிலும் நீர் நிற்க, குடிக்க நீரின்றிப் பல ஊர்கள் தவித்தன. இத்தகைய வேளையில், கண்ணுக்குத் தெளிந்து தோன்றும் நீரைத் தூய நீர் என்று கொள்வதே பெரும் பிழையாகும். காலரா, டைபாய்டு, வயிற்றுக்கடுப்பு முதலிய நோய்களின் கிருமிகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

முதற்பணி கலங்கலை நீக்குதல். நீரைத் தெளிய விட்டு இறுக்கலாம், படிகாரம் இடலாம், நம் முன்னோர் செய்தவாறு பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைக்கலாம். இவை நீரைத் தெளிவிக்குமேயன்றி, அதனைக் குடிப்பதற்கு ஏற்றதாக்கிவிடா.

அடுத்தது துணியால் வடிகட்டுதல். நெசவாளராகிய நம் அங்கத்தினர் இதில் ஒரு செய்தியை அறிந்து மகிழ்வர். வங்காள தேசத்தில் 65 கிராமங்களில் நடைபெற்று, 2003 இல் வெளியான ஓர் ஆய்வில், பருத்திப் புடைவையைக் குறைந்தது நான்காக மடித்து நீரை வடித்த கிராமங்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணுயிர்களை ஒட்டி வாழ்வது. அவ்வுயிர்கள் துணியில் தங்கிவிடுகின்றன. பலமுறை துவைத்து இழை நெகிழ்ந்த பழம்புடைவையே புதியதினும் சிறந்தது. எனினும் நோய் பாதியாகக் குறைந்ததேயன்றி முற்றும் நீங்கவில்லை என்பதை மறத்தலாகாது.

ஆகவே, வடித்த நீரைக் காய்ச்ச வேண்டும். கொப்புளங்கள் பொங்கி எழுந்த பின் ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் மடியும். விறகு நனைந்துவிட்டதாயின், வெயில் உதவும். தெளிந்த நீரை, 2 லிட்டருக்கு மேற்படாத, நிறமற்ற பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி, நல்ல வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். மேகமூட்டமாயின் இரண்டு நாட்கள். நீர் கலங்கலாக இருப்பின் இம்முறை பயன்படாது.

கிணற்றுக்கு, வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. 3 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் 2 மீட்டர் நீர் நின்றால், அது ஏறத்தாழ 14,000 லிட்டர். அதற்கு 35 கிராம் வேண்டும். தூளை வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்தபின், மேலுள்ள தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் சென்ற பின்னரே நீர் இறைக்கலாம். வெள்ளம் புகுந்த கிணற்றையோ முதலில் இறைத்துத் தூர் எடுத்தல் வேண்டும். அதற்கு மருந்தும் மிகுதியாக வேண்டுமாதலால் சுகாதார ஆய்வாளரைக் கேட்டே இடுதல் நன்று.

காய்ச்சுதலும் மருந்திடுதலும் கிருமிகளுக்கே. உப்பையும் பூச்சிமருந்தையும் இவை நீக்கா. கடல்நீர் புகுந்த கிணற்றையும், பூச்சிமருந்துக் கொட்டகையை மூழ்கடித்த வெள்ளநீரையும் குடிப்பதற்குக் கருதவே கூடாது. தூய்மையாக்கிய நீரையும் மூடிய பாத்திரத்தில் வைத்து, கைபடாமல் பிடியுள்ள அகப்பையால் முகத்தல் வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பழைய தூளைக் கழித்துப் புதியதை வாங்குங்கள். காற்றும் ஈரமும் புகாத கலத்தில், வெயில் படாத இடத்தில், வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். ஊர்க் கிணறுகளின் குறுக்களவையும் ஆழத்தையும் இப்பொழுதே அளந்து இருப்புப் புத்தகத்தில் குறித்திடுங்கள். வெள்ளத்தின் நடுவே அளந்துகொண்டிருக்க அவகாசம் இராது. அடுத்த முறை நாம் வரும்பொழுது மூட்டையின் எடையை மட்டும் பாரோம். வாயைப் பிரித்து முகர்ந்தும் பார்ப்போம்.