கிருமியை அறிதலும் மருந்தைத் தேர்தலும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நெடுநாள் இருமல் கண்டவரிடத்துக் காசநோயை ஐயுறுவது முறையே. அவர்தம் சளியை நிறமூட்டி நுணுக்குக்காட்டியிற் பார்க்குங்கால் செந்நிறக் கோல்கள் தோன்றின், ஐயம் தெளிந்தது என்பர் பலர். ஆயின், அந்நிறத்தை ஏற்பது காசநோய்க் கிருமி மட்டுமன்று. மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் அதன் இனத்தவை பலவும் அவ்வாறே தோன்றும். இவை காசநோய் சாரா மைக்கோபற்றீரியங்கள் எனப்படும். இவற்றுக்குரிய மருந்தைத் தேரும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கிருமிகள் நமக்குப் புறம்பானவையல்ல. தமிழகத்தின் செங்கற்பட்டில் 1968 இல் தொடங்கிய பெரும் ஆய்வில், பீ.சீ.ஜீ. தடுப்பூசி வளர்ந்தோரின் நுரையீரற் காசநோயைத் தடுக்கவில்லை என்பது 1979 இல் வெளியாயிற்று. அங்குள்ள மக்கள் இத்தகைய கிருமிகளோடு முன்னரே பழகியிருந்தமை, அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றாகும்.

முதற்படி, கிருமி யாதென அறிதல். ஜீன் எக்ஸ்பேர்ட் சோதனை காசநோய்க் கிருமியையும் அதன் றைபாம்பிசின் எதிர்ப்பையும் மாத்திரமே காட்டும். நுணுக்குக்காட்டியிற் கோல்கள் தோன்றியும் இச்சோதனை இல்லையெனக் கூறின், சாரா வகையை ஐயுற்று வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். இவ்வகைகளுட் பெரும்பாலானவை பைரசினமைட்டுக்கு அடங்கா. ஆகவே கிருமியை அறியாது காசநோய் மருந்தையே மாதக்கணக்கில் உண்ணும் தொழிலாளி, நாட்கூலியை இழந்தும் நலம் பெறாதிருத்தல் கூடும். எனினும், நீரிலிருந்தும் இக்கிருமி சளியிற் கலக்கக்கூடுமாதலின், ஒருமுறை வளர்ந்தமை கொண்டு நோயென முடிவுசெய்தலும் தகாது. வெவ்வேறாகப் பெற்ற இரு சளிகளிலேனும் அது வளர்தலும், நோய்க்குறிகளும், நெஞ்சுப் படமும் ஒத்துவரல் வேண்டும்.

அடுத்தது மருந்துச் சோதனை. சிறு குழிகளில் மருந்தை 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்த அளவுகளில் இட்டு, கிருமியையும் சேர்த்து வைப்பர். வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவே அம்மருந்தின் ஆற்றலைக் காட்டும். ஏவியம் தொகுதிக் கிருமியைக் கிளாரித்திரோமைசின் ஒரு மில்லிலீற்றருக்கு 8 மைக்கிரோகிராமிலோ அதனிற் குறைவாகவோ தடுப்பின், கிருமி மருந்துக்கு அடங்கும். 32 அல்லது அதற்கு மேல் வேண்டின், எதிர்க்கும்.

அப்செசஸ் என்னும் வகையோ வஞ்சகமானது. மூன்றாம், ஐந்தாம் நாட்களில் அது கிளாரித்திரோமைசினுக்கு அடங்கியதுபோற் காட்டும். மருந்தோடு பழகப் பழக, அதனிடத்துள்ள ஒரு மரபணு விழித்தெழுந்து எதிர்ப்பை உண்டாக்கும். ஆதலின் 14 ஆம் நாள்வரை காத்திருந்தே முடிவு கூறல் வேண்டும். அதன் உடன்பிறப்பான மசிலியென்சில் அம்மரபணு சிதைந்துள்ளமையால் மருந்து பெரும்பாலும் பயன்தரும். பெயரறிதலின் பயன் இதனாற் புலனாகும்.

ஆய்வுகூடத்து எண் யாவும் நோயாளியின் நலத்தோடு பொருந்துமென்று கொள்ளற்க. ஏவியம் தொகுதியிற் கிளாரித்திரோமைசின், அமிக்காசின் ஆகியவற்றின் முடிவுகள் பொருந்துகின்றன. றைபாம்பிசின், எதம்பியூட்டோல் ஆகியவற்றின் எண்கள் அவ்வாறு வழிகாட்டுவதில்லை.

இந்நோய் பொதுவாக ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஆகவே லயத்தில் எவரையும் விலக்கிவைத்தல் வேண்டா. மருந்தைத் தாமே நிறுத்துதலும் தகாது. சிகிச்சை பயன்தராவிடின், மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் “கிருமி யாது?” என வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்ப மாணவர்க்குக் கற்பித்தல் நம் கடனாகும்.