வடகடற் பெருங்கழுகு

தமிழகக் கடற்கரையில் வலைகள் உலரும் மணற்பரப்பின்மேல் வெண்வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடுவதைக் கண்டவர் சிலர் இருக்கலாம். அதன் சுற்றத்தைச் சேர்ந்த பறவைகளுள் மிகப் பெரியது, வடகிழக்கு ஆசியாவின் பனி சூழ்ந்த கடலோரத்தில் வாழ்கின்றது. அதனை ஸ்டெல்லர் கடற்கழுகு என்பர். வெண்வயிற்றுக் கடற்கழுகின் எடை ஏறத்தாழ 4.5 கிலோகிராமுக்கு மேற்படுவதில்லை. ஸ்டெல்லர் கழுகின் பெட்டையோ 9 கிலோகிராம் வரை இருக்கும். விரித்த சிறகுகளின் அகலம் 2.5 மீட்டரை எட்டுவதும் உண்டு. கழுகினத்தில் சேவலினும் பெட்டையே உருவிற் பெரியது.

இத்துணைப் பெரிய பறவையை எளிதில் அறிந்துகொள்ளலாம் என்று எண்ணுவது பிழை. வானத்தில் அருகே வேறு பொருள் இல்லாதபோது, பறப்பது பெரிதா சிறிதா என்பதைக் கண்ணால் அளக்க இயலாது. ஆகவே நிறத்தையும் வடிவத்தையுமே நோக்கவேண்டும். வளர்ந்த பறவையின் உடல் கருமை கலந்த பழுப்பு நிறம் வாய்ந்தது. அதன் தோள்களும் தொடைகளும் வாலும் தூய வெண்மையானவை. நெற்றியிலும் ஒரு வெண்திட்டு உண்டு. அலகு தடித்து, வளைந்து, மஞ்சட் கிழங்கின் நிறத்தோடு விளங்கும். முகத்திற்கே மிகையோ என்று தோன்றுமளவு அது பெரியது! வால் ஆப்பு வடிவினது. மற்றக் கடற்கழுகுகளின் வாலில் 12 இறகுகள் இருக்க, இதற்கு 14 உள்ளன.

அதே கடலோரத்தில் வெண்வாற் கழுகும் வாழ்கின்றது. அதன் வாலும் வெண்மைதான். ஆனால் தலை வெளிறிய பழுப்பு, தோளில் வெண்மை இல்லை. அமெரிக்க வெண்தலைக் கழுகுக்குத் தலையே வெண்மை. இளம்பறவைகளைப் பிரித்தறிவதுதான் கடினம். இளம் ஸ்டெல்லர் கழுகு முழுதும் பழுப்பாக இருக்கும். தோளின் வெண்மை முற்றுப்பெற நான்கைந்து ஆண்டுகள் செல்லும். அதுவரையில் அந்தத் தடித்த அலகே நல்ல அடையாளம்.

ஜார்ஜ் ஸ்டெல்லர் என்பார் ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர். பெரிங் என்னும் மாலுமியின் கப்பலில் 1741ஆம் ஆண்டு கம்சாட்காவினின்று அலாஸ்காவுக்குச் சென்றவர். திரும்பும் வழியில் கப்பல் ஒரு தீவில் ஒதுங்கியது. பெரிங் அங்கேயே மாண்டார். ஸ்டெல்லர் உயிர் தப்பினார். ஆனால் 1746இல், தாம் எழுதியவை பல அச்சேறுமுன்னரே அவரும் இறந்தார். பல்லாஸ் என்னும் அறிஞர் 1811இல் இக்கழுகுக்கு அறிவியற் பெயர் சூட்டினார்.

இப்பறவை கூடு கட்டும் இடம் உலகில் ஒரு மூலையே. கம்சாட்கா மூவலந்தீவு, ஒக்கோட்ஸ்க் கடலின் கரை, ஆமூர் ஆற்றின் கீழ்ப்பகுதி, சகலின் தீவின் வடபகுதி ஆகிய இவையெல்லாம் ரஷ்ய நாட்டிலேயே உள்ளன. உயர்ந்த மரத்திலோ பாறை முகட்டிலோ குச்சிகளை அடுக்கி, இரண்டு மீட்டருக்கும் அகன்ற கூட்டைக் கட்டும். இரண்டு முட்டைகள் இட்டாலும் பெரும்பாலும் ஒரு குஞ்சே பிழைக்கும். சகலினில் பழுப்புக் கரடிகள் மரமேறி அக்குஞ்சையும் கவர்ந்துகொள்வதுண்டு. முட்டையிடுவதற்காக ஆற்றில் எதிரேறி வரும் சால்மன் மீன்களே இக்கழுகின் முதன்மை உணவு. இவற்றின் தொகை ஏறத்தாழ 5000 என்று மதிப்பிட்டுள்ளனர்.

குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்துவிடும். அப்போது பல கழுகுகள் தெற்கே பறந்து, ஜப்பானின் ஹொக்கைடோ தீவை அடையும். வடக்கினின்று மிதந்து வரும் பனிப்பாளங்களின்மேல் அமர்ந்து, மீன்பிடி படகுகள் சிந்தும் மீன்களை உண்ணும். ஜப்பானிய அரசு 1970இல் இப்பறவையை இயற்கைச் சின்னமாக அறிவித்தது.

ஆயினும் ஒரு கேடு நேர்ந்தது. கடலில் மீன்பாடு குறையவே, கழுகுகள் உள்நாட்டிற் புகுந்து, வேட்டையாடுவோர் விட்டுச் சென்ற மானின் எச்சங்களைத் தின்னத் தொடங்கின. அந்த இறைச்சியில் ஈயக் குண்டுகளின் சிதறல்கள் இருந்தன. அவை இரைப்பையின் அமிலத்தில் கரைந்து குருதியிற் கலந்தன. நரம்பு தளர்ந்து, பறக்கும் வலிமை இழந்து, கழுகுகள் மடிந்தன. 1990களின் பிற்பகுதியில் இதன் காரணம் தெளிவாயிற்று. 2000ஆம் ஆண்டு தொடங்கி, மான் வேட்டையில் ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவது ஹொக்கைடோவில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டது. எனினும் ஈய நஞ்சால் இறக்கும் கழுகுகள் அதன் பின்னரும் காணப்பட்டன.

இத்தகைய பறவையொன்று 2020 ஆகஸ்டில் அலாஸ்காவின் உட்பகுதியிற் காணப்பட்டது. அடுத்த ஆண்டு கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு ஸ்டெல்லர் கழுகு தோன்றியது. இரண்டும் ஒன்றா, வெவ்வேறா? ஒளிப்படங்களை ஒப்பிட்டபோது, சிறகிலிருந்த வெண்குறிகள் ஒத்திருந்தன. ஒரே பறவைதான் கண்டத்தைக் கடந்து வந்திருந்தது. 2021 டிசம்பரில் அது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தது. அதனைக் காண மக்கள் பலர் குளிரையும் பொருட்படுத்தாது திரண்டனர். பின்னர் அது கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவுக்குச் சென்று, அங்கு வாழும் வெண்தலைக் கழுகுகளின் நடுவே மீன் தேடித் திரிந்தது.