பனிவண்டியின் தேய்ந்த கிளச்சு

கனடா நாட்டின் வடபாகத்தில் வீதிகள் முடிவுறும் இடத்துக்கு அப்பால், உறைந்த ஏரிகளும் காடுகளுமே மாரிகாலத்தில் வழிகளாக அமைகின்றன. அங்கே பொறிவைத்து விலங்கு பிடிப்போரும் மீன்பிடிப்போரும் முன்னாளில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகளிற் சென்றனர். கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்னும் ஊரினரான ஜோசப் அர்மான் பொம்பார்டியே, பனிமேல் ஓடும் வண்டியொன்றை அமைப்பதில் இளமை தொட்டே ஈடுபட்டிருந்தவர். பனி மூடிய வழியால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல இயலாது அவருடைய இளமகன் 1934ஆம் ஆண்டில் இறந்தான். 1959இல் அவர் ‘ஸ்கீ-டூ’ என்னும் சிறிய பனிவண்டியை விற்பனைக்கு விடுத்தார். பின்வந்த ஆண்டுகளில் வடபுலத்தின் பெரும்பாகத்தில் நாய்களின் இடத்தைப் பனிவண்டி பிடித்துக்கொண்டது.

ஆயினும், நாய்களுள் ஒன்று நொண்டினாலும் ஏனையவை எசமானை வீடு சேர்க்கும். வண்டியின் பட்டி அறுந்தாலோ, பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக் குளிரில் அவன் பல மைல் நடக்க நேரும். 1970ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட வண்டிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் உளர். அவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் முறைப்பாடு ஒன்றே: பட்டி அறுந்தது, புதிது வாங்கி மாட்டியாயிற்று, சில நாளில் அதுவும் அறுந்தது. விற்றவன் மீதும் செய்தவன் மீதும் பழி விழுகின்றது. உண்மையில் அப்பட்டி பெரும்பாலும் குற்றவாளியன்று, சாட்சியே. குற்றவாளி கிளச்சினுள் மறைந்திருப்பதை அறிய, அதன் தொழிலை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும்.

மோட்டார்க் காரின் கிளச்சை அறிந்தோர்க்கு இது புதுமையாகத் தோன்றும். காலால் மிதிக்கும் மிதி இல்லை. கியர் மாற்றும் கோலும் இல்லை. எஞ்சினின் தண்டில் ஒரு கப்பியும், பின்னேயுள்ள தண்டில் மற்றொரு கப்பியும், இரண்டையும் தழுவியோடும் றப்பர்ப் பட்டியொன்றுமே உள்ளன. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக வைத்த இரு கூம்புத் தட்டுக்களால் ஆனது. ஒரு தட்டு நிலையானது. மற்றது தண்டின் வழியே நகரவல்லது. தட்டுக்கள் நெருங்கினால் அவற்றினிடையே பட்டி விளிம்பை நோக்கி ஏறும். விலகினால் தண்டை நோக்கி இறங்கும்.

முதற் கப்பியில் ஒரு சுருள்வில் தட்டுக்களை விலக்கி வைக்கின்றது. எஞ்சின் விரைந்து சுழலும்போது, கீல்களில் ஆடும் சிறு நிறைகள் மையநீக்க விசையினால் வெளிநோக்கி வீசப்பட்டு நகருந்தட்டை நெருக்கித் தள்ளுகின்றன. நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 முதல் 4,000 சுற்றுக்களில் பட்டி பற்றப்பட்டு வண்டி புறப்படும். இரண்டாங் கப்பியின் அமைப்போ இதற்கு நேர்மாறானது. அங்கே சுருள்வில் தட்டுக்களை நெருக்கிப் பிடிக்கின்றது. சாய்தளங்களையுடைய ஓர் உறுப்பு, பாரம் மிகும்போது அவற்றை மேலும் இறுக்குகின்றது. ஆழ்ந்த பனியிலும் ஏற்றத்திலும் வண்டி தானாகவே தாழ்ந்த கியருக்கு இறங்குவது போலத் தொழிற்படுவது இதனாலேயே. 1958இல் ஒல்லாந்து நாட்டின் ‘டாஃப்’ கார் இத்தத்துவத்தைக் கையாண்டது. இன்று இலங்கை வீதிகளில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இரு கப்பிகளும் ஒன்றையொன்று இழுத்துச் சமநிலை காப்பதால், ஒன்றில் நேர்ந்த தேய்வு மற்றதன் நோய்போலத் தோன்றுதல் உண்டு. ஆகவே அனுபவமுள்ளோர் எதையும் கழற்றுமுன் பழைய பட்டியையே கையில் எடுத்துப் பார்ப்பர். முதலில் அதன் அகலத்தை அளத்தல் வேண்டும். புதிய பட்டியினும் 3 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய எட்டிலொரு அங்குலம், குறைந்துவிட்டால் அதனை நீக்கிவிடுமாறு பல கைநூல்கள் கூறும். ஒடுங்கிய பட்டி இரண்டாங் கப்பியில் தாழ்ந்து கிடக்கும். அதனால் வண்டி தொடக்கத்திலேயே உயர்ந்த கியரில் எழ முயல்வதுபோல் திணறும்.

இனி அதன் மேனியைப் படித்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் கருகிப் பள்ளம் விழுந்திருப்பின், பட்டி அசையாது நிற்க முதற் கப்பி மாத்திரம் சுழன்றது என்பது பொருள். பனியில் உறைந்து இறுகிய அடிச்சங்கிலிப் பட்டையை விடுவிக்காமல் விசையைத் திருகியவர்க்கே இது நேரும். இங்கே பிழை ஓட்டியுடையது. ஒரு பக்கம் மாத்திரம் தேய்ந்து நூலிழைகள் வெளிவந்திருப்பின் கப்பிகள் நேர்வரிசையில் இல்லை. இருபக்கமும் கண்ணாடிபோல மினுங்கினால் பட்டி வழுக்கியிருக்கின்றது: இரண்டாங் கப்பியின் வில் சோர்ந்திருக்கலாம், அல்லது எஞ்சின் தண்டின் எண்ணெய்த்தடை கசிந்து தட்டுக்களில் எண்ணெய் படிந்திருக்கலாம். உட்பக்கப் பற்கள் பிய்ந்திருப்பின், முதற் கப்பி மிகவும் சடுதியாகப் பற்றுகின்றது என ஐயுறல் தகும்.

அடுத்தது தளர்ச்சி. கப்பிகளின் மேல் ஒரு நேர்கோலை வைத்து, நடுவே பட்டியை ஏறக்குறைய 15 இறாத்தல் விசையுடன் அமுக்கினால், பல வண்டிகளில் அது 1¼ அங்குல அளவு தாழவேண்டும். மிக இறுகியிருப்பின் எஞ்சின் மெல்ல ஓடும்போதே வண்டி ஊர்ந்து செல்லும்.

பின்னரே முதற் கப்பியை ஆராய்தல் வேண்டும். எஞ்சின் நின்றபின் நகருந்தட்டை மேலுங் கீழும் அசைத்துப் பார்த்தால், உள்ளேயுள்ள ‘புஷ்’ தேய்ந்ததா என்பது கைக்கே தெரியும். அது தேய்ந்தால் தட்டுச் சரிந்து நடுவழியிற் சிக்கிக்கொள்ளும். வேகம் குறைத்த பின்னரும் வண்டி முன்னோக்கித் தள்ளும். பட்டி ஓடும் தளத்தில் நகத்தை ஓட்டும்போது படியொன்று தட்டுப்பட்டால், பட்டி அப்படியிலேயே தங்கி நின்று பின் துள்ளும். நிறைகளின் வளைந்த முகத்திலும், அவை உராயும் உருளைகளிலும் தட்டையான இடம் விழுந்திருத்தல் கூடும். ஓட்டத்தில் எஞ்சினின் ஒலி காரணமின்றி ஏறுவதும் இறங்குவதும் இதன் அடையாளம். சோர்ந்து குறுகிய வில் தட்டுக்களை உரிய காலத்துக்கு முன்னரே சேரவிடும். எஞ்சின் போதிய வலிமை பெறுமுன்னே பாரத்தை ஏற்று மூச்சுத் திணறும். இங்கே பலர் செய்யும் தவறொன்று உண்டு. இறுக்கம் கண்டவுடன் எண்ணெய் இடுகின்றனர். கைநூல் வெளிப்படையாகக் கூறுமிடத்தன்றி இக்கப்பிக்கு எண்ணெய் ஆகாது. பட்டியின் தூள் அதில் ஒட்டி அரமாக மாறும்.

இரண்டாங் கப்பியில் தேய்வது பெரும்பாலும் மிகச் சிறிய பொருள். சாய்தளங்களில் வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் பொத்தான்களே அவை. அவை முற்றாகத் தேய்ந்தபின் உலோகம் உலோகத்தை உராய்ந்து, விலையுயர்ந்த சாய்தளமும் கெடும். நகருந்தட்டைக் கையால் முறுக்கி விரித்து விட்டால் அது தடையின்றித் திரும்பி மூடவேண்டும். சோம்பித் திரும்புமாயின் பொத்தான்களையும் வில்லையும் பார்த்தல் அவசியம்.

இவையனைத்தும் செவ்வனே இருந்தும் பட்டி கெடுமாயின், எஞ்சினைத் தாங்கும் றப்பர்த் தாங்கிகளை நோக்குக. நாற்பது ஐம்பது ஆண்டுகளில் றப்பர் வெடித்துப்போகும். வண்டி நிற்கும்போது அளந்தால் கப்பிகள் நேராகவே இருக்கும். பாரம் ஏறியதும் பட்டி எஞ்சினைப் பின்னுக்கு இழுத்து வரிசையைக் குலைக்கும். கொட்டகையில் எவ்வளவு அளந்தாலும் புலப்படாத இக்குறையினால் வீணாக எறியப்பட்ட நல்ல பட்டிகள் ஏராளமாக இருத்தல் வேண்டும். எஞ்சினை ஒரு கோலால் நெம்பிப் பார்த்தால் இது வெளியாகும்.

முதற் கப்பியைக் கழற்றுவதற்கு அதற்கென அமைந்த இழுப்பான் வேண்டும். சுத்தியலால் அடித்தால் தண்டும் கப்பியும் கெடும். மூடியைத் திறக்குமுன், அது இருந்த நிலையை அடையாளமிடுதல் வேண்டும். இடம் மாறிப் பூட்டினால் சமன்பாடு குலைந்து அதிர்வு தோன்றும். உள்ளேயுள்ள வில் அமுக்கப்பட்டிருப்பதால் திருகாணிகளைச் சிறிது சிறிதாகவே தளர்த்துதல் வேண்டும். கப்பிகளை மறைக்கும் காவலுறையைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுதல் கூடாது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் தட்டு வெடித்தால், அதன் துண்டைக் கண்ணாற் கண்டு விலக எவராலும் முடியாது.

புதிய பட்டியை இடுமுன் தட்டுக்களின் முகத்தை மெல்லிய உரசுதாளினால் தேய்த்து, எண்ணெய்ப் பசையற்ற துணியினால் துடைத்தல் வேண்டும். முதல் முப்பது மைல் வரையில் முழு வேகத்தை நாடாது மிதமாக ஓட்டினால் பட்டி தட்டுக்களோடு இணங்கிவிடும். நீக்கிய பட்டி அகலம் குறையாததாயின் எறிந்துவிடாது, மூடியின் கீழ்க் கட்டி வைத்துக்கொள்வது வடபுலத்தோர் வழக்கம்.