புக்கெட்டில் நனைந்த டொலர்கள்

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. கோலாலம்பூர் ஊடாகப் பறந்து காலை பத்து மணியளவில் புக்கெட் விமான நிலையத்தில் இறங்கினோம். ஜும்ஆவுக்கு முன் பட்டோங் கடற்கரைப் பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும், தொழுகைக்குப் பிறகு இரண்டு மொத்தக் கடைகளையாவது பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். என்னோடு வந்தவர் பொத்துவிலைச் சேர்ந்த வியாபாரி. அறுகம்பையில் உல்லாசப் பயணிகளை நம்பி ஒரு உடுப்புக் கடையும், பின்னால் வாடகைக்கு விடும் நான்கு அறைகளும் வைத்திருக்கிறார். ஊர் வழக்கப்படி நான் அவரைக் காக்கா என்றுதான் அழைப்பேன்.

காக்காவின் கணக்கு சாதாரணமானதல்ல. புக்கெட் தாய்லாந்தின் மேற்குப் பக்கம், அந்தமான் கடலில் இருக்கிறது. நமது பெந்தோட்டை, ஹிக்கடுவை போல அங்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். மே மாதத்தில் தென்மேல் பருவக்காற்று மழையோடு வந்துவிடும். அறுகம்பையிலோ மே மாதத்தில்தான் கூட்டமே தொடங்குகிறது. "அவனுக்குச் சீசன் முடியிற நேரம் நமக்குத் தொடங்குது தம்பி. மிச்சச் சரக்கை அவன் வருஷக் கடைசிவரை கட்டி வைக்கப் போறானா?" என்று கேட்டார். கடற்கரைக் காற்சட்டை, மெல்லிய சாரம், துணிப்பை, தொப்பி என்று ஆறு இலட்சம் ரூபாவுக்கு வாங்குவது என்று முடிவு. காசு கட்டாரில் இருக்கும் மைத்துனர் கைமாற்றாகக் கொடுத்தது. பருவம் முடிய ஒக்டோபரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனை டொலராக மாற்றி, கடவுச்சீட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

விமான நிலையம் தீவின் வட முனையில் இருக்கிறது. பட்டோங்குக்கு வேனில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். போகும் வழியில் கடைகளின் இரும்புக் கதவுகள் இழுத்து மூடப்பட்டிருந்ததைக் கண்டோம். வெள்ளிக்கிழமை என்பதாலோ என்று கூட நினைத்தோம். இது பௌத்த நாடு என்பது உறைக்கவில்லை. பிறகு ஒரு பிக்கப் வண்டி எதிரே வந்தது. பின் பகுதியில் தண்ணீர் பீப்பாய், அதில் மிதக்கும் ஐஸ் கட்டிகள், சுற்றி ஏழெட்டு இளைஞர்கள். எங்கள் வேன் கண்ணாடி மீது ஒரு வாளித் தண்ணீர் வந்து அறைந்தது. சாரதி சிரித்துக்கொண்டே "சொங்க்ரான்" என்றார்.

சொங்க்ரான் என்றால் சங்கராந்திதான். சூரியன் மேட ராசிக்குள் நுழையும் அதே சித்திரைப் புத்தாண்டு. ஏப்ரல் 13, 14, 15 ஆகிய மூன்று நாட்களும் தாய்லாந்தில் அரச விடுமுறை. அரச கலண்டரில் 1941 முதல் ஜனவரி முதலாம் திகதிதான் ஆண்டுப் பிறப்பு என்றாலும், மக்களின் மனதில் வருடம் பிறப்பது இந்த நாட்களில்தான். புத்தர் சிலைக்கும் பெரியவர்களின் கைகளுக்கும் வாசனை நீர் ஊற்றுவது பழைய வழக்கம். அது தெருவுக்கு வந்தபோது வாளியும் துப்பாக்கியுமாகிவிட்டது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ இதனைத் தனது கலாசார மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சடங்குகளில் நமக்குப் பங்கில்லை. ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது வேறு விடயத்தில். அதே நாளில் கொழும்பில் புறக்கோட்டை எப்படி இருக்கும்? கெய்சர் வீதியில் ஆள் நடமாட்டம் இருக்காது, கடைப் பையன்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஒரு வாரத்துக்கு மூட்டை தூக்க நாட்டாமி கிடைக்கமாட்டார். பிறந்த நாளிலிருந்து பார்த்து வருகிறோம். அப்படியிருந்தும் சூரியன் தாய்லாந்திலும் அன்றுதான் திரும்புகிறது என்று எங்கள் இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிக்கட் மலிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம். அதுவும் மலிவாக இருக்கவில்லை.

பட்டோங்கில் வேன் உள்ளே போக முடியாது என்று பிரதான வீதியிலேயே இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து தங்குமிடத்துக்கு முந்நூறு யார் இருக்கும். பத்து யார் போவதற்குள் முழுமையாக நனைந்துவிட்டோம். ஒரு கிழவி வெள்ளைச் சுண்ணக் குழம்பை எடுத்து என் கன்னத்தில் பூசினார். ஒருவரிடமும் கோபம் இல்லை, எல்லோர் முகத்திலும் சிரிப்பு. காக்கா மட்டும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடினார். அறைக்குள் போய்ப் பையைத் திறந்தால் டொலர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கடவுச்சீட்டின் முதற்பக்கம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். கட்டிலில் தாள்களை ஒவ்வொன்றாகப் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஈரம் காயாத சட்டையோடு பள்ளிவாசலுக்குப் போனோம். குத்பா தாய் மொழியில் நடந்தது. எங்களைப் போல நனைந்து வந்தவர்கள் பின் வரிசையில் இன்னும் சிலர் இருந்தார்கள்.

மாலையில் நாணயமாற்றுக் கூடத்தில் கொடுத்தபோது, நான்கு நூறு டொலர்த் தாள்களைத் திருப்பித் தள்ளிவிட்டார்கள். ஓரம் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். தாய்லாந்தில் பழுதான டொலரைத் தொடமாட்டார்கள். சொங்க்ரானுக்குப் போகாதவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மொத்தக் கடைக்காரருடன் தொலைபேசியில் பேசக் கிடைத்தது இரவுதான். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார். சனி, ஞாயிறு விழுந்ததால் திங்களும் விடுமுறை. தையல் வேலை செய்பவர்கள் வடகிழக்கு மாகாணங்களில் உள்ள தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டார்கள், களஞ்சியச் சாவி வைத்திருப்பவர் உட்பட. எங்களது திரும்பும் டிக்கட் செவ்வாய் காலை ஏழு மணிக்கு.

நான்கு நாட்கள் சும்மா கிடந்தோம் என்று சொல்லமாட்டேன். முதல் நாள் தண்ணீருக்கு நடுவே ஓடிய வியாபாரத்தைப் பார்த்தால், கடை பூட்டியவர்கள் யார், திறந்தவர்கள் யார் என்பது தெளிவாகிவிடும். பிளாஸ்டிக் துப்பாக்கி, நீந்தும் கண்ணாடி, பூப்போட்ட சட்டை. துப்பாக்கியில் தண்ணீர் நிரப்ப ஐந்து பாத். ஐஸ் போட்ட தண்ணீருக்கு இன்னும் அதிகம். இவை எல்லாவற்றையும் விட வேகமாகப் போனது, கழுத்தில் தொங்கவிடும் நீர் புகாத கைத்தொலைபேசிப் பை. முற்பகல் நூறு பாத்துக்கு விற்றார்கள். அன்று ஒரு பாத் ஏறக்குறைய ஐந்து ரூபா (2022க்குப் பிறகு அந்தக் கணக்கு செல்லாது). டொலரை நனைத்துக்கொண்ட பிறகு நாங்களும் ஆளுக்கொன்று வாங்கினோம்.

சியாங்மாயில் இந்தத் தண்ணீர் விளையாட்டு பல நாட்கள் நடக்கும். புக்கெட்டில் பெரும்பாலும் 13ஆம் திகதியோடு அடங்கிவிடுகிறது. மறுநாள் காலை காக்கா சுபஹுக்குப் பின் வெளியே போனவர் எட்டு மணிக்கு ஒரு பெரிய பொதியோடு வந்தார். தெருவில் மிச்சத்தை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பேரம் பேசி, அதே தொலைபேசிப் பைகளில் 240ஐத் தலா முப்பது பாத்துக்கு வாங்கியிருந்தார். பேசியது கல்குலேட்டரில். அவள் ஐம்பது அடிக்க, இவர் இருபது அடிக்க, இப்படியே போய் முப்பதில் நின்றது.

சனிக்கிழமை கமலாவுக்குப் போனோம். பட்டோங்குக்கு வடக்கே, முஸ்லிம்கள் நிறைந்த கடலோரக் கிராமம். வீதியோரத்தில் ஹிஜாப் அணிந்த பெண்கள் கோழி பொரித்து விற்கிறார்கள். 2004 டிசம்பர் 26 கடல் அங்கும் ஏறியது. ரொட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு நாங்கள் இலங்கை என்றதும் புரிந்தது "சுனாமி" என்ற ஒரு சொல்தான். சுவரில் தலைக்கு மேலே கையை உயர்த்திக் காட்டினார். காக்காவும் எழுந்து நின்று, அவரை விட இன்னும் ஒரு முழம் உயரத்தில் கையைக் காட்டினார். பொத்துவிலில் அவரது முதற் கடை அன்று போனது. ரொட்டிக்குக் காசு வாங்க அந்த மனிதர் மறுத்துவிட்டார்.

புக்கெட் தீவு நமது கொழும்பு மாவட்டத்தை விடச் சிறியது. வெள்ளீயச் சுரங்கத்திலும் இறப்பரிலும் வாழ்ந்த ஊர் அது. 1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தது. அடுத்த ஆண்டு, தீவின் காற்றும் கடலும் கெட்டுவிடும் என்று அஞ்சிய மக்கள் ஒரு தந்தாலம் ஆலையையே தீ வைத்து எரித்தார்கள். அதன் பிறகு எல்லாம் உல்லாசப் பயணிகள்தான். நாங்கள் போன 2018இல் தாய்லாந்துக்கு வந்தவர்கள் 3 கோடி 80 இலட்சத்துக்கு மேல். இலங்கைக்கு அதே ஆண்டு 23 இலட்சம். அங்கே தாய்லாந்தின் மத்திய இஸ்லாமியப் பேரவையின் ஹலால் முத்திரையைக் கடைக்காரர்கள் ஒளித்து வைப்பதில்லை. பௌத்தர் நடத்தும் கடைகளில் கூடப் பொதிகளில் பளிச்சென்று அச்சிட்டிருக்கிறார்கள். அரபு நாட்டு வாடிக்கையாளரும் மலேசியரும் காசு கொண்டுவருவது அவர்களுக்குத் தெரியும். 2013இல் நமது நாட்டில் அதே முத்திரைக்கு நடந்ததை அங்கு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாமா என்று நான் கேட்டபோது விடுதிக்காரர் தடுத்துவிட்டார். சொங்க்ரானை ஒட்டிய ஏழு நாட்களை அவர்களே "ஆபத்தான ஏழு நாட்கள்" என்கிறார்கள். 2016இல் மட்டும் அந்த ஏழு நாட்களில் நாடு முழுவதும் வீதி விபத்துகளில் 442 பேர் இறந்தார்கள்.

டிக்கட்டை மாற்றுவதா, வெறுங்கையோடு திரும்புவதா என்று திங்கள் இரவு வரை பேசினோம். காக்கா இரண்டு ரகஅத் தொழுதுவிட்டு வந்து "மாத்துவம் தம்பி" என்றார். மாற்றுக் கட்டணமும் மேலதிக மூன்று இரவும் சேர்ந்து ஆளுக்கு இருபத்தையாயிரம் ரூபாவுக்குக் கிட்டப் போனது. ஆனால் அவரது கணக்கு பிழைக்கவில்லை. செவ்வாயன்று கடைக்காரர் மூன்றில் ஒரு பங்கு விலையைக் குறைத்தார். சாரங்களைப் புரட்டிப் பார்த்தால் பலவற்றில் இந்தோனேசியத் தயாரிப்பு என்று இருந்தது. அதற்கும் சேர்த்துப் பேரம் பேசினோம்.

தொல்லை பற்றுச்சீட்டில் இருந்தது. திகதி 17/4/2561 என்று போட்டிருந்தார்கள். தாய்லாந்தில் பௌத்த வருடம்தான் எழுத்தில். ஆங்கில வருடத்தோடு 543 கூட்ட வேண்டும். நாம் 2500ஆவது புத்த ஜயந்தியை 1956இல் கொண்டாடினோம், அவர்கள் 1957இல் கொண்டாடினார்கள். ஆகவே இலங்கைப் பௌத்த வருடத்தோடும் அது வருடம் முழுவதும் பொருந்தி வராது. கொழும்பில் சரக்கை விடுவிக்கும்போது அந்தத் திகதிக்கு விளக்கம் சொல்லவே ஒரு அரை நாள் ஓடியது. வெளியே சரக்கெடுப்பவர்கள் ஆங்கிலத் திகதியுடன் இன்னொரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கப்பல் பொதிக்காரரும் அந்த வாரம் முழுவதும் விடுமுறைக் குவியலைத்தான் அள்ளிக்கொண்டிருந்தார். இங்கு வந்தால் அந்த வருடம் வெசாக் ஏப்ரல் 29இல், மே தின விடுமுறை மே 7ஆம் திகதிக்குத் தள்ளிவைப்பு. அவர்களது விடுமுறையில் ஒரு வாரம், நமது விடுமுறையில் ஒரு வாரம். சரக்கு பொத்துவிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நோன்பு தொடங்கிவிட்டிருந்தது. பருவத்தின் முதல் மூன்று வாரங்களைக் காக்கா பழைய சரக்கோடு ஓட்டினார்.

அந்த மூன்று வாரமும் கடையைத் தாங்கியது, கைப்பொதியில் கொண்டுவந்த தொலைபேசிப் பைகள்தான். 150 ரூபாவுக்கு வாங்கியதை 350க்கு விற்றார். அலைச்சறுக்குக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்கு என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் வாங்கியவர்கள் உல்லையின் மீனவர்கள். கைமாற்றில் பெரும்பகுதியை அந்த ஒக்டோபரில் திருப்பிக் கொடுத்தார்.

மறு வருடம் அவர் தனியாகவே பெப்ரவரி மூன்றாம் வாரம் போய்வந்தார். பருவத்தின் நடுவில் போனதால் விலைக்கழிவு குறைவு, ஆனால் 2019 ஏப்ரல் முதல் வாரமே இரண்டு மடங்கு சரக்கு கடையில் நிறைந்திருந்தது. ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை குண்டுகள் வெடித்தன. அறைகளைப் பதிவு செய்தவர்கள் ஒவ்வொருவராக இரத்துச் செய்தார்கள். அந்தப் பருவத்தில் அவரது கடைக்கு வந்தவர்களை விட, சோதனையிட வந்தவர்கள் அதிகம் என்பார். 2020இல் கொரோனா. அந்த ஏப்ரலில் புக்கெட் விமான நிலையமே மூடப்பட்டது, சொங்க்ரான் விடுமுறையையும் தள்ளிப்போட்டார்கள்.

2024 பெப்ரவரி 3ஆம் திகதி இலங்கையும் தாய்லாந்தும் சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அதே ஆண்டு ஜூலையில் விசா விலக்குப் பட்டியலில் இலங்கையும் சேர்க்கப்பட்டது. விதிகள் மாறக்கூடியவை, டிக்கட் எடுக்க முன் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செய்தியைச் சொல்ல நான் காக்காவுக்குத் தொலைபேசி எடுத்தபோது, அவர் கடையில்தான் இருந்தார். 2019இல் வாங்கிய காற்சட்டைகளின் கடைசிக் கட்டு 2023 பருவத்தில்தான் விலைப்பட்டதாம். மைத்துனருக்குக் கொடுக்க வேண்டிய மீதியை அதற்கு முன்பே, இரண்டு மாட்டை விற்றுக் கொடுத்துவிட்டார். மார்ச் முதல் வாரம் போவோமா என்று கேட்டேன். "நோன்பு எப்ப வருது பார்த்துச் சொல்லு தம்பி" என்றார்.