தாம்சன் குடும்பத்துத் தசை விறைப்பு

டென்மார்க்கும் ஜெர்மனியும் மாறிமாறி உரிமை கோரிய ஷ்லெஸ்விக் பகுதியில் மருத்துவராக இருந்த யூலியுஸ் தாம்சன், தம்மிடமும் தம் குடும்பத்தின் பல தலைமுறைகளிடமும் கண்ட விந்தையான தசை விறைப்பை 1876-இல் மருத்துவ இதழொன்றில் விவரித்தார். படைச் சேவைக்கு அஞ்சி நடிப்பதாகத் தம் மகன்மீது எழுந்த ஐயமே அவரை எழுதத் தூண்டியது என்பர். பிறவி மயோடோனியா எனப்படும் இந்நோயில், சுருங்கிய தசை உடனே தளராததால், இறுகப் பற்றிய கை எளிதில் விரிவதில்லை. நெடுநேரம் அமர்ந்திருந்தவர் சட்டென எழுந்தால் கால்கள் விறைத்து விழவும் கூடும். ஆயினும், அதே அசைவைச் சிலமுறை திரும்பச் செய்தால் விறைப்பு தணிந்துவிடுகிறது. வழிவழி வந்த மனநிலையையே தாம்சன் காரணமாகக் கருதினார். தம் உடலையே ஆய்ந்தவருக்கும் அக்கால அறிவு அவ்வளவுதான் இடம் தந்தது. ஏழாம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணு பழுதுபடும்போது, குளோரைடு அயனிகள், அதாவது எதிர்மின்னூட்டம் கொண்ட குளோரின் அணுக்கள், தசைநாரின் சவ்வைக் கடந்து செல்லும் வழிகள் செயல் குன்றுவதால், நரம்பின் தூண்டல் நின்ற பின்னும் தசையில் மின்துடிப்புகள் தொடர்கின்றன என்பது பின்னரே தெரிந்தது. இந்நோயின் தாம்சன் வகை, பெற்றோருள் ஒருவரிடமிருந்து பழுதுபட்ட அம்மரபணு வந்தாலே வெளிப்படும். இதயத் துடிப்புக் கோளாறுக்கு உருவான மெக்ஸிலெட்டின் என்னும் மருந்து இன்று இவ்விறைப்பைத் தணிக்கவும் பயன்படுகிறது.