ஜீப்பைத் தூக்கிக் கட்டினால் போதுமா? ‘ஆஃப்ரோடு’ வண்டிக்குப் பின்னால் இருக்கும் வெல்டிங் கணக்கு

சேற்றுக் குழிக்குள் ஒரு பழைய ஜீப் இறங்குகிறது. முன் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்குகிறது. இன்ஜின் உறும, அடுத்த நொடி வண்டி மேட்டில் ஏறி நிற்கிறது. இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ப்ரோ, எவ்வளவு செலவாச்சு?”

அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “எங்கெங்க வெல்டு பண்ணியிருக்கீங்க?” வண்டியில் இருப்பவர்களின் உயிர், ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் மூன்றும் அந்தப் பதிலில்தான் இருக்கின்றன.

ஏன் எல்லோரும் பழைய ஜீப்பையே தேடுறாங்க?

ஜீப் பிறந்தது இரண்டாம் உலகப் போருக்காக. அமெரிக்காவின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்களைத் தயாரித்தன. 1947-ல் மும்பையில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்களைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. அந்த வம்சத்தில் வந்த மஹிந்திரா ஜீப்களும், 1985-ல் அறிமுகமான மாருதி ஜிப்ஸியும்தான் இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் அதிகம் பிரித்துக் கட்டப்படுகின்றன.

காரணம் அதன் அமைப்பு. இந்த வண்டிகளில் ஏணி மாதிரியான ஒரு இரும்புச் சட்டம் அடியில் இருக்கும். அதுதான் சேசிஸ். இன்ஜின், ஆக்ஸில், பாடி எல்லாமே அதன் மேல் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. கழற்றலாம், மாற்றலாம், திரும்ப மாட்டலாம். இன்றைய பெரும்பாலான கார்களிலும் நகர்ப்புற எஸ்.யூ.வி.களிலும் பாடியும் சட்டமும் ஒரே கூடாக இருக்கும். அதை வெட்டினால் காரின் முதுகெலும்பையே வெட்டுவது போல.

லிஃப்ட் பண்ணா என்ன கிடைக்கும்?

புதிதாகக் கட்டுபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஜீப்பில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஆக்ஸில் ஒரே கட்டையாக இருக்கும். அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் தரைக்கு மிக அருகில் இருக்கும் பாகம். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் பாடியும் மேலே போகும்; டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறை முதலில் இடிப்பது அதைத்தான்.

டிஃபரன்ஷியலை உயர்த்த ஒரே எளிய வழி பெரிய டயர். அதிலும் பாதிதான் கிடைக்கும். 28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் போட்டால், ஆக்ஸில் உயர்வது இரண்டரை அங்குலம். அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் மேலும் கீழும் ஆட இடம் வேண்டுமே, அதற்குத்தான்.

ஒன்றை மாற்றினால் எத்தனை மாறும்?

லீஃப் ஸ்பிரிங் சில ஜீப்களில் ஆக்ஸிலுக்கு அடியில் இருக்கும். அதை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றி வைத்தால் வண்டி சுமார் 5 அங்குலம் உயர்ந்துவிடும். புது ஸ்பிரிங் வாங்க வேண்டாம், செலவு குறைவு. அதனால் பட்டறைகளில் ரொம்பப் பிரபலம். ஆனால் அதோடு வேலை முடிவதில்லை.

முதலில் ஷாஃப்ட். கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட் இப்போது முன்பைவிடச் சரிவாக நிற்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயின்ட்டுகளின் கோணம் ஒத்துப்போகாவிட்டால் வண்டி அதிரும், ஜாயின்ட் சீக்கிரம் போய்விடும்.

அடுத்து ஸ்டீயரிங். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் சரிவாகிவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நீங்கள் திருப்பாமலேயே சக்கரம் லேசாகத் திரும்பும். 20 கி.மீ. வேகத்தில் இது பெரிதாகத் தெரியாது. நெடுஞ்சாலையில் தெரியும்.

பிறகு பிரேக். ஆக்ஸில் கீழே தொங்கும்போது பழைய நீளத்திலேயே இருக்கும் பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்துபோகலாம். பெரிய, கனமான டயரை நிறுத்த அதே பழைய பிரேக் அதிகம் உழைக்கவும் வேண்டும்.

கியரும் விடாது. 28-லிருந்து 33 அங்குலத்துக்குப் போனால் டயரின் சுற்றளவு கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 70-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். சக்கரம் தரையைத் தள்ளும் விசை 15 சதவீதம் குறையும். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால், ஆக்ஸிலில் 4.10 விகிதத்தில் இருக்கும் கிரவுன் பினியனை 4.83-க்குப் பக்கத்தில் மாற்ற வேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது, கவிழும் கோணம். ஒரு உதாரணக் கணக்கு: இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர், வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில். காகிதக் கணக்கில் இந்த வண்டி 45 டிகிரி பக்கச் சரிவில்தான் கவிழும். எடைமையம் 10 செ.மீ. மேலே போனால் அது 41 டிகிரி. ஸ்பிரிங் ஒரு பக்கம் அமுங்குவதையும் சேர்த்தால் நிஜத்தில் இன்னும் குறையும். மேலே கேரியர், அதில் ஸ்டெப்னி, ஜெர்ரி கேன் என்று ஏற்ற ஏற்ற, இன்னும் இன்னும் குறையும்.

எந்த வெல்டு உயிரைத் தாங்குது?

ஃபுட்போர்டு, லைட் பிராக்கெட், ஜெர்ரி கேன் ஸ்டாண்டு போன்றவற்றில் வெல்டு விட்டுப்போனால் பொருள் கீழே விழும், அவ்வளவுதான். ஸ்பிரிங் உட்காரும் இருக்கை, ஷாக் மவுன்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் மவுன்ட், ரோல் கேஜ், இழுக்கும் கொக்கி ஆகிய ஐந்து இடங்களில் விட்டுப்போனால் ஆள் போகலாம்.

வெளியே அழகாகத் தெரியும் வெல்டு உள்ளே உருகிப் பிடிக்காமல் இருக்கலாம். மெல்லிய சேசிஸ் தகட்டில் 10 மி.மீ. பட்டையை ஒட்டும்போது, கனமான இரும்பு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மெல்லியதைப் பொத்துவிடக் கூடாது என்று கரன்ட்டைக் குறைத்தால், கனமான பக்கத்தில் வெல்டு மேலோட்டமாக உட்கார்ந்துவிடும். துரு, பெயின்ட், ஆயில் எதையும் கிரைண்டிங் செய்யாமல் அதன் மேலேயே ஓட்டினால் உள்ளே நுண்துளைகள் விழும்.

சேசிஸில் ஒட்டுப்பட்டை போடுவதிலும் விஷயம் இருக்கிறது. சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோட்டில் வெல்டு ஓட்டினால், அந்தக் கோட்டிலேயே விரிசல் விழ வாய்ப்பு அதிகம். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் பட்டையின் இரு முனைகளையும் மீன்வால் போலவோ வைர வடிவிலோ சாய்வாக வெட்டி ஒட்டுகிறார்கள். பாரம் ஒரே கோட்டில் குவியாமல் பரவும். டிஃபரன்ஷியல் கூடு வார்ப்பிரும்பாக இருந்தால், வெல்டு செய்வதற்கு முன் சூடாக்கி, பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். சடாரென ஆறினால் வெல்டுக்குப் பக்கத்திலேயே விரியும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றுவதும், டீசல், பெட்ரோல் டேங்கை இறக்கி வைப்பதும் கட்டாயம்.

ரோல் கேஜுக்குத் தண்ணி பைப் போதுமா?

போதாது. வண்டி உருண்டால் கூரையாக நின்று காப்பாற்றுவது ரோல் கேஜ். கார் பந்தயங்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ., முதன்மை வளைவுக்குக் கேட்கும் குறைந்தபட்சம் 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் கொண்ட, இணைப்பில்லாத குளிர் இழுவை எஃகுக் குழாய் அல்லது 50 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம். வீட்டுக் குழாய் வேலைக்கு வாங்கும் ஜி.ஐ. பைப் இதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அதன் துத்தநாகப் பூச்சு வெல்டைக் கெடுக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்குக் காய்ச்சல் வரும்.

இன்னொன்று: ஹெல்மெட் போடாமல் சாலையில் ஓட்டும்போது, தலைக்குப் பக்கத்தில் இருக்கும் அதே இரும்புக் குழாய் சின்ன விபத்திலும் மண்டையைப் பதம் பார்க்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சி.என்.ஜி. போன்ற எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாற்றம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விதிகளின்படி வழி உண்டு.

2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். ஒரு வண்டியில் ஆறு மாற்றம் இருந்தால் கணக்கு 30,000. முன்னால் மாட்டும் கனமான புல் பார் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், க்ளெய்ம் நேரத்தில் உங்களுக்கு எதிராக நிற்கும்.

பிரிட்டனில் இதற்கு வேறு பாதை இருக்கிறது. வீட்டிலேயே கட்டிய வண்டியை அரசுச் சோதனை மையத்துக்குக் கொண்டுபோய், பிரேக், ஸ்டீயரிங், விளக்கு என ஒவ்வொன்றாகத் தேறினால் பதிவு செய்துகொள்ளலாம். நம் நாட்டில் தனி ஆளுக்கு அப்படியொரு எளிய கதவு இல்லை. கட்டும் திறமை இருக்கிறது. அதைச் சோதித்து முத்திரை குத்தத்தான் வழி இல்லை. ஆர்வலர்களின் ஆதங்கமும் இதுதான்.

அப்போ ஆசையை விட்டுடணுமா?

வேண்டாம். 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரியான போட்டிகள் இருக்கின்றன. பந்தயத்துக்கென்றே கட்டும் வண்டியைச் சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிப் போட்டிக் களத்துக்குக் கொண்டுபோவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அங்கே ஹெல்மெட், ஹார்னஸ், வண்டிப் பரிசோதனை எல்லாம் உண்டு.

சாலையிலும் ஓட்ட வேண்டும், காட்டுப் பாதையிலும் போக வேண்டும் என்றால், கம்பெனியிலேயே அதற்காகக் கட்டிய வண்டி போதும். 2020-ல் வந்த மஹிந்திரா தார், வெட்டாமல் ஒட்டாமலேயே 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்கிறது நிறுவனம். நல்ல டயர், சரியான காற்றழுத்தம், உறுதியான இழுவைக் கயிறு, கூட இன்னொரு வண்டி, கொஞ்சம் பயிற்சி. வாரக் கடைசியில் மலைக்குப் போகும் பலருக்கும் இதற்கு மேல் தேவைப்படாது.

இதையெல்லாம் தாண்டிக் கட்டியே தீருவேன் என்பவர்கள், பட்டறைக்காரரிடம் முதல் நாளே ஒன்றைக் கேளுங்கள்: “அண்ணே, இதை உசத்துனா வேற எதெல்லாம் மாத்தணும்?” ஷாஃப்ட், ஸ்டீயரிங், பிரேக், கியர் என்று அவர் அடுக்க ஆரம்பித்தால் உட்கார்ந்து பேசலாம். “ஒண்ணும் மாத்த வேணாம் தம்பி, நாளைக்கே ரெடி” என்றால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.